ராப் பர்ரோ: 165 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ரக்பி லீக் வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராப் பர்ரோ என்ற பெயர் நம்மில் பலருக்கு ஒரு காணொளி வழியாகத்தான் அறிமுகம். சக்கர நாற்காலியில் இருக்கும் நண்பரை ஒருவர் தூக்கிக்கொண்டு மாரத்தான் எல்லைக்கோட்டைக் கடக்கிறார், கன்னத்தில் முத்தமிடுகிறார். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள், பகிர்ந்தார்கள். ஆனால் அந்த நாற்காலியில் இருந்தவர் 17 ஆண்டுகள் என்ன ஆட்டம் ஆடினார் என்பது தெரியாமலே போய்விடுகிறது. அவரை நோயாளியாக மட்டும் தெரிந்துவைத்திருப்பது அவருக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தப் பக்கத்தில் ஆட்டம் முதலில் வருகிறது, நோய் அப்புறம்தான்.

ராப் பர்ரோ யார்?

இங்கிலாந்தின் வடபகுதியில், மேற்கு யார்க்‌ஷரில் உள்ள பான்ட்டிஃப்ராக்ட் ஊரில் 1982 செப்டம்பர் 26 அன்று பிறந்தவர். தொழில்முறை ஆட்டக்காரராக அவருக்கு ஒரே அணிதான்: லீட்ஸ் ரைனோஸ். 2001 முதல் 2017 வரை அந்த அணிக்காக 492 ஆட்டங்கள் ஆடினார். இங்கிலாந்தின் முதல்நிலை ரக்பி லீக் தொடரான சூப்பர் லீக் பட்டத்தை எட்டு முறை வென்றார். அவர் ஆடிய காலம் முழுக்க, சூப்பர் லீக்கின் மிகச் சிறிய ஆட்டக்காரர் என்றால் அது அவர்தான்.

ரக்பி லீக் என்பது நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் ரக்பிதானா?

பெரும்பாலும் இல்லை. நம் ஊரில் ரக்பி என்று தெரிந்திருப்பது ரக்பி யூனியன், ஓர் அணிக்கு 15 பேர். ரக்பி லீக்கில் 13 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் பக்கத்திலோ பின்னாலோ இருப்பவருக்குத்தான் எறிந்து கொடுக்க முடியும். முன்னால் எறியக்கூடாது. இதெல்லாம் இரண்டுக்கும் பொது.

லீக்கின் தனி அடையாளம் ஆறு டேக்கிள். கபடி பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். பந்தோடு வருபவரை எதிரணி பிடித்து அமுக்கினால் அது ஒரு டேக்கிள். பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னால் உருட்டுவார். அங்கே நிற்கும் கூட்டாளி எடுத்து மறுபடி ஆரம்பிப்பார். இப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதற்குள் எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ட்ரை, நான்கு புள்ளி. பிறகு கோலுக்கு உதைப்பது சரியாகப் போனால் இன்னும் இரண்டு.

இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு கூலிப் பிரச்சினையில். வடஇங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டப் பணம் தரக் கூடாது என்றது அன்றைய ரக்பி சங்கம். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடிய வடக்கத்தி கிளப்புகள் தனியே பிரிந்தன. அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான் ரக்பி லீக். இன்றும் அந்தச் சுரங்க ஊர்களில்தான் அதன் உயிர் இருக்கிறது. பர்ரோ வந்ததும் அங்கிருந்துதான்.

அவ்வளவு சிறிய உடம்போடு இந்த ஆட்டத்தை எப்படி ஆட முடிந்தது?

உயரம் 165 சென்டிமீட்டர், ஐந்தடி ஐந்தங்குலம். எதிரே வரும் முன்வரிசை ஆட்களுக்கு நூறு கிலோவுக்கு மேல் எடை சாதாரணம். அவர்கள் ஓடி வந்து மோதுவார்கள், இவர் தடுத்தே ஆகவேண்டும். தடுப்பு வேலையில் யாருக்கும் விலக்குக் கிடையாது. அதிலும் சிறிய ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்து அங்கேயே பெரிய ஆளை அனுப்புவது எல்லா அணிகளும் செய்வதுதான். 17 பருவங்கள் தன்னைக் குறிவைத்து வந்த அந்த ஆட்களின் கால்களைப் பிடித்து விழுத்திக்கொண்டே இருந்தார் பர்ரோ.

தாக்கும்போது கதை வேறு. நல்ல ரைடர் ஒருவர் கோட்டருகே வந்து, உடம்பை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் நழுவுவதைக் கபடியில் பார்த்திருப்பீர்கள். பர்ரோவின் ஓட்டம் அந்த வகை. முதல் நாலு எட்டிலேயே முழு வேகம் வந்துவிடும். பெரிய உடம்புக்காரர்கள் மார்பு உயரத்தில் கைகளை விரித்து நிற்பது வழக்கம், இவர் அந்தக் கைகளுக்குக் கீழே புகுந்து போய்விடுவார். குறை என்று எல்லோரும் சொன்ன உயரத்தையே வழியாக ஆக்கிக்கொண்டவர் அவர்.

எந்த இடத்தில் ஆடுவார்? 7 என்ற எண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ரக்பி லீக்கில் சட்டை எண் என்றால் ஆடும் இடம். 7 என்பது ஸ்கிரம் ஹாஃப், ஆட்டத்தை ஓட்டுபவர். யாருக்குப் பந்து போகவேண்டும், எப்போது உதைக்கவேண்டும் என்று முடிவெடுக்கும் இடம் அது. பர்ரோவுக்கு லீட்ஸில் அந்த எண்தான். பின்னாளில் ஹூக்கர் இடத்திலும் நிறைய ஆடினார். டேக்கிள் முடிந்து உருட்டப்படும் பந்தைப் பெரும்பாலும் எடுப்பவர் ஹூக்கர்தான். எதிரணி இன்னும் எழுந்து வரிசை கட்டாத அந்த அரை நொடியில் பாய்ந்து ஓடும் வாய்ப்பு அங்கே கிடைக்கும். அது பர்ரோவுக்காகவே செய்துவைத்த இடம் போல இருக்கும்.

எப்படித் தொடங்கினார்?

ஃபெதர்ஸ்டோன் லயன்ஸ் என்ற உள்ளூர் அமெச்சூர் கிளப்பில் சிறுவனாக ஆடினார். அப்புறம் லீட்ஸின் இளையோர் பயிற்சிப் பிரிவு. 2001-ல் முதல் அணியில் அறிமுகம், அதே ஆண்டு சூப்பர் லீக்கின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது.

அவரோடு அந்தப் பிரிவிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள்: கெவின் சின்ஃபீல்ட், டேனி மெக்வைர், ஜேமி ஜோன்ஸ்-புகானன், கார்ல் ஆப்லெட், ரயன் பெய்லி. பதின்ம வயதில் சேர்ந்து ஆட ஆரம்பித்து, முப்பது தாண்டியும் ஒரே அணியில் இருந்தவர்கள் இதில் பலர். தொழில்முறை விளையாட்டில் இது அபூர்வம். பின்னால் நோய் வந்தபோது நடந்ததையெல்லாம் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் தெரிந்திருக்கவேண்டும்.

லீட்ஸ் ரைனோஸ் எப்போதுமே பெரிய அணிதானா?

பெயர் பெரியது, கோப்பைதான் வராமலே இருந்தது. 1972-க்குப் பிறகு லீக் பட்டம் கிடைத்ததே இல்லை. 2004 இறுதி ஆட்டத்தில் பிராட்ஃபோர்டை 16-8 என்று வென்றபோது 32 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. அப்போது பர்ரோவுக்கு 22 வயது. பிறகு 2007, 2008, 2009, 2011, 2012, 2015, 2017 என்று பட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. எட்டிலும் அவர் இருந்தார். ஆஸ்திரேலியச் சாம்பியனுடன் மோதும் உலக கிளப் சவாலையும் 2005, 2008, 2012 என மூன்று முறை லீட்ஸ் வென்றது.

தோற்றால் வெளியேறும் முறையில் நடக்கும் சேலஞ்ச் கப்தான் ரொம்ப நாள் கைக்கு வராமல் ஏமாற்றியது. இறுதி ஆட்டம் வரை போய் போய்த் தோற்றார்கள். 2014-ல் காசில்ஃபோர்டை வென்றபோதுதான் அது தீர்ந்தது. அடுத்த ஆண்டே ஹல் கேஆர் அணியை 50-0 என்று வீழ்த்தி மறுபடி எடுத்தார்கள்.

இவர்களின் மைதானம் ஹெடிங்லி. ஆமாம், நமக்குக் கிரிக்கெட் டெஸ்ட்கள் மூலம் தெரிந்த அதே ஹெடிங்லி. கிரிக்கெட் மைதானமும் ரக்பி மைதானமும் முதுகோடு முதுகாக ஒட்டி இருக்கின்றன, நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பார்வையாளர் அரங்கம்.

அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் எது?

2011 கிராண்ட் ஃபைனல், அதாவது அந்த ஆண்டு சூப்பர் லீக்கின் இறுதி ஆட்டம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபர்டு கால்பந்து மைதானம். எதிரணி செயின்ட் ஹெலன்ஸ். லீட்ஸ் அந்தப் பருவத்தை ஐந்தாம் இடத்தில்தான் முடித்திருந்தது. ஐந்தாம் இடத்திலிருந்து வந்து யாரும் அதற்கு முன் பட்டம் வென்றதில்லை. பர்ரோ ஆரம்பப் பதின்மூன்று பேரில் இல்லை, மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் இருந்தார்.

முதல் பாதியிலேயே அவரை உள்ளே அனுப்பினார்கள். சொந்தப் பாதியில் பந்து கைக்கு வந்தது. எதிரே வரிசை கட்டி நிற்கிறார்கள், இடைவெளி என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒருவர் பிடிக்கக் கை நீட்டுகிறார், இவர் அந்தக் கைக்கு அடியில் குனிந்து வெளியே வருகிறார். அதன்பிறகு திறந்த வெளி, கடைசிக் காவலாக பால் வெலன்ஸ் ஒருவர் மட்டும். வெலன்ஸ் அனுபவசாலி, சுலபமாக ஏமாறுபவர் இல்லை. ஓடும் வேகம் குறையாமலே ஒரு விலகல், அவரும் பின்னால் போய்விட்டார். கோட்டுக்கு அப்பால் ட்ரை. உடன் யாரும் இல்லை, யாருக்கும் பந்து கொடுக்கவும் இல்லை, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஆள்.

ஆட்டம் அதோடு முடியவில்லை. இரண்டாம் பாதியில் செயின்ட் ஹெலன்ஸ் எழுந்து 16-8 என்று முன்னிலை பெற்றது. பெரிய முன்வரிசை ஆட்கள் களைத்துப்போன அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பர்ரோ போன்ற ஆட்டக்காரருக்கு மைதானம் விரியும். லீட்ஸ் தொடர்ந்து 24 புள்ளிகள் எடுத்து 32-16 என்று வென்றது. இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹாரி சண்டர்லேண்ட் கோப்பைக்கு வாக்களித்தவர்கள் அத்தனை பேரும் எழுதியது ஒரே பெயர். 2007 இறுதி ஆட்டத்திலும் அதே செயின்ட் ஹெலன்ஸை 33-6 என்று வென்றபோது இந்தக் கோப்பை அவருக்கே கிடைத்திருந்தது.

நாட்டுக்காக ஆடினாரா?

ஆடினார். இங்கிலாந்துக்கும் கிரேட் பிரிட்டனுக்கும் ஆடியிருக்கிறார். 2007-ல் நியூசிலாந்தை 3-0 என்று கிரேட் பிரிட்டன் வென்ற தொடரில் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 2008 உலகக் கோப்பையிலும் ஆடினார்.

தொழில்முறை ரக்பி லீக் ஆட்டக்காரருக்கு நிறையச் சம்பளம் கிடைக்குமா?

நாம் கற்பனை செய்யும் அளவுக்குக் கிடைக்காது. இங்கிலாந்துக் கால்பந்து வீரர்களின் பணத்தோடு ஒப்பிடவே முடியாது. சூப்பர் லீக்கில் ஓர் அணி முழுவதற்குமே சம்பள உச்சவரம்பு உண்டு, அது இருபது லட்சம் பவுண்டை ஒட்டித்தான் இருந்துவருகிறது. அதை இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஆட்கள் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். ஓய்வு பெற்றதும் ஏதாவது வேலை தேடியே ஆகவேண்டிய நிலையில்தான் பெரும்பாலானவர்கள் இருக்கிறார்கள். ஒரே கிளப்பில் பத்தாண்டு ஆடியவருக்கு நன்றிக்கடனாக 'டெஸ்டிமோனியல்' என்று சிறப்பு ஆட்டங்கள் நடத்தி நிதி திரட்டித் தரும் வழக்கம் இன்றும் தொடர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எப்போது, எப்படி ஓய்வு பெற்றார்?

2015 டிசம்பரில் லீட்ஸில் ஏர் ஆறு கரைபுரண்டு அணியின் பயிற்சி மைதானம் மூழ்கியது. மூன்று கோப்பை வென்ற அணி அடுத்த பருவத்தில் ஒன்பதாம் இடத்துக்குச் சரிந்தது. அப்படியொரு ஆண்டோடு முடித்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. 2017-ல் லீட்ஸ் மீண்டும் ஓல்டு டிராஃபர்டு போய், காசில்ஃபோர்டை 24-6 என்று வென்றது. அதுவே பர்ரோவின் கடைசித் தொழில்முறை ஆட்டம், எட்டாவது பட்டம். வயது 35. பிறகு லீட்ஸிலேயே இளையோருக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்.

அவருக்கு வந்த நோய் என்ன?

மோட்டார் நியூரான் நோய். ஸ்டீபன் ஹாக்கிங்கை நினைத்தால் புரியும். தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. அறிவும் நினைவும் பலருக்குக் கடைசிவரை தெளிவாகவே இருக்கும், அதுதான் இதில் பெரிய கொடுமை. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஹாக்கிங் பல பத்தாண்டு வாழ்ந்தது விதிவிலக்கு. நோய் கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டே ஆண்டுகளில் இறந்துவிடுகிறார்கள்.

பர்ரோவுக்குப் பேச்சு குழறுவதில்தான் ஆரம்பித்தது. 2019 டிசம்பரில் உறுதியானது. வயது 37, மூன்று சிறு குழந்தைகள், கடைசிப் பிள்ளைக்கு ஒரு வயதுதான். மனைவி லிண்ட்ஸி பிசியோதெரபிஸ்ட். கடைசிவரை வேலைக்கும் போய்க்கொண்டு கணவரையும் பார்த்துக்கொண்டவர் அவர்.

ரக்பி ஆடியதால்தான் இந்த நோய் வந்ததா?

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. முன்னாள் ரக்பி ஆட்டக்காரர்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுவதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. தலையில் அடிபடுவதா, மிகக் கடுமையான பயிற்சியா, மரபணுவா, இவை சேர்ந்தா என்று விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எந்த விளையாட்டும் ஆடாத எத்தனையோ பேருக்கும் இது வருகிறது. ஒருவரின் நோயைக் காட்டி ஒரு விளையாட்டையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சரியில்லை. அதற்காக இந்தக் கேள்வியை மூடி மறைப்பதும் ஆட்டக்காரர்களுக்கு நல்லதில்லை.

அவரைத் தூக்கிச் சென்ற அந்த நண்பர் யார்?

கெவின் சின்ஃபீல்ட், லீட்ஸ் அணியின் முன்னாள் கேப்டன். ஏழு கிராண்ட் ஃபைனல்களை வென்ற அணிகளுக்குத் தலைமை தாங்கியவர். ஆடும்போது அவர் 13-ஆம் எண், பர்ரோ 7.

நோய் தெரியவந்த அடுத்த மாதமே, 2020 ஜனவரியில், ஹெடிங்லியில் ஜோன்ஸ்-புகானனின் டெஸ்டிமோனியல் ஆட்டம் நடந்தது. மைதானத்தில் இடமே இல்லை. ஓய்வு பெற்ற பழைய கூட்டாளிகள் திரும்பச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கடைசி நிமிடங்களில் பர்ரோ உள்ளே வந்தார். அவர் ஆடிய கடைசி நிமிடங்கள் அவை.

2020 டிசம்பரில் சின்ஃபீல்ட் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். நண்பனின் சட்டை எண்ணுக்காக ஏழு. வைத்த இலக்கு 77,777 பவுண்டு, வந்தது பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல். கொரோனா காலம், வெளியே நிற்க முடிந்தவர்கள் வாசலில் நின்று கை தட்டினார்கள். அடுத்த ஆண்டு லெஸ்டரிலிருந்து லீட்ஸ் வரை 24 மணி நேரத்தில் 101 மைல். 2022-ல் எடின்பரோவிலிருந்து மான்செஸ்டர் வரை, நாளுக்கொன்றாக ஏழு அல்ட்ரா மாரத்தான். அது ஓல்டு டிராஃபர்டில் ரக்பி லீக் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் முடிந்தது.

நீங்கள் பார்த்த காணொளி 2023 மே மாதம் எடுத்தது, பர்ரோவின் பெயரிலேயே நடந்த முதல் லீட்ஸ் மாரத்தானில். முழுத் தூரமும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே ஓடினார் சின்ஃபீல்ட். கோட்டுக்குச் சற்று முன் நின்றார், குனிந்தார், நண்பனை இரு கைகளிலும் ஏந்திக் கடந்தார். இருவருக்கும் இருபதாண்டுப் பழக்கம்.

பேச முடியாதபோது எப்படிப் பேசினார்?

கண் அசைவால். திரையில் எழுத்தைப் பார்த்தால் கணினி அதைப் பதிவுசெய்து வாசிக்கும். பழைய பேட்டிகளில் பதிவாகியிருந்த அவர் குரலையே எடுத்து அந்தக் கணினிக்குக் கொடுத்திருந்தார்கள். ஆக, வந்தது யார்க்‌ஷர் வட்டார வாடை மாறாத அவருடைய குரல். 2022 டிசம்பரில் பிபிசியின் குழந்தைகள் அலைவரிசையில் இந்த முறையிலேயே தூங்கப் போகும் நேரக் கதை ஒன்றை வாசித்தார்.

அவர் மறைவுக்குப் பிறகு என்ன நடந்தது?

2024 ஜூன் 2 அன்று, 41 வயதில் காலமானார். அதற்கு மறுநாள் லீட்ஸ் சீக்ராஃப்ட் மருத்துவமனை வளாகத்தில், அவர் பெயரிலான மோட்டார் நியூரான் நோய் மையத்துக்கு முதல் மண் வெட்டும் நாள் ஏற்கெனவே குறித்திருந்தது. தள்ளிப்போடவில்லை. குடும்பம் சம்மதித்து, குறித்த நாளிலேயே வேலை தொடங்கியது. நோயாளிகள் சிகிச்சைக்காகக் கட்டடம் கட்டடமாக அலையாமல் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் கிடைக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை.

இறுதிச் சடங்கு ஜூலை 7, ஏழாம் மாதத்தின் ஏழாம் நாள். ஊர்வலம் அவர் சிறுவனாக ஆடிய ஃபெதர்ஸ்டோன் லயன்ஸ் கிளப் வழியாகப் போனது, சாலையின் இரு பக்கமும் ஆட்கள் அணிச் சட்டைகளில் நின்றார்கள். அதே ஆண்டு, கிராண்ட் ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு ராப் பர்ரோ விருது என்று பெயர் மாற்றினார்கள். பொருத்தமான முடிவு. அனுதாபத்துக்காக வைத்த பெயராக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த விருதை ஆடி இரண்டு முறை வென்றவர் அவர்.

ரக்பி லீக் பார்த்ததே இல்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

2011 இறுதி ஆட்டத்தின் அந்த ட்ரையிலிருந்து. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், ஒரு நிமிடம்கூட ஆகாது. முதல் தடவை பர்ரோவை மட்டும் பாருங்கள். இரண்டாம் தடவை, அவர் கடந்துபோன பிறகு வெறுங்கையோடு திரும்பிப் பார்க்கும் அந்தப் பெரிய ஆட்களைப் பாருங்கள்.